ஒன்பது வருடம் சாகாத ஊர்

நொச்சியேந்தலில் ஒன்பது வருடங்களாக ஒருவரும் சாகவில்லை. அரசாங்கப் பதிவேடு அப்படித்தான் சொன்னது. பதிவேட்டை எழுதுகிறவள் செண்பகவல்லி. ஊராட்சிச் செயலர் என்பது உத்தியோகம். ஊர்க்காரர்கள் வாயில் கிளார்க்கம்மா. கண்மாய்க்குத் தெற்கே சுடுகாட்டில் போன கோடையில் விறகு தீர்ந்துபோய், பக்கத்து ஊரிலிருந்து வண்டி வைத்து ஏற்றிவந்த கதை அவளுக்குத் தெரியும்.

ஏன் இந்தப் பித்தலாட்டம் என்று கேட்டால், ரேஷன் கடைதான் காரணம். நானூறு பேருக்குக் குறைந்த ஊருக்குக் கடை கிடையாது என்று குளுகுளு அறையில் உட்கார்ந்து எவரோ ஒரு விதி எழுதிவிட்டுப் போய்விட்டார். கடை போனால் அரிசிக்குப் பதினோரு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். அதனால் நொச்சியேந்தலில் ஒரு சாவு விழுந்தால் அழுவார்கள், எரிப்பார்கள், பதினாறாம் நாள் காரியமும் செய்வார்கள். கார்டிலிருந்து பெயரை மட்டும் எடுக்க மாட்டார்கள். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. முதல் வீட்டுக்காரர் எடுக்கவில்லை, அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. செத்தவர்கள் சமர்த்தாக மாதாமாதம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செண்பகவல்லியின் புருஷன் தவசியும் அவர்களில் ஒருவன். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மதியம், மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பதிவேட்டில் அவனுக்கு இந்த மாசியோடு ஐம்பத்தேழு வயது முடிந்தது.

வெயிலில் செத்தால்கூடப் பரவாயில்லை, நிழலில் செத்தான் என்பதுதான் அவளுக்குப் பயம். காற்றில் சூட்டோடு ஈரமும் சேர்ந்துகொண்டால் உடம்பில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் விசிறியோ மோரோ எதுவும் உதவாது; சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளும் மூன்று மணி நேரத்தில் சுருண்டுவிடுவார். வருடத்துக்கு நான்கு நாள் இருந்த அந்த ஈரவெக்கை இப்போது நாற்பது நாளாகிவிட்டது.

வடக்கே கால்வாயைத் தாண்டினால் மருதவனம் மாநகரம். அங்கே தெருவுக்குத் தெரு உயரமான கம்பங்கள் நின்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குளிர்ந்த காற்றைக் கீழே விட்டன. ஜனங்கள் அதைக் குடை என்றார்கள். கால்வாய்க்கு அந்தப்பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, இந்தப்பக்கம் நாற்பத்தேழு. நடுவில் இருபதடித் தண்ணீரும் ஒரு கேட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பகல் சீட்டு உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஊராட்சி வேலையாக அடிக்கடி போகிறவள் என்பதால் செண்பகவல்லியிடமும் ஒன்று இருந்தது.

பிரசவத்துக்கு வருகிற வெளியூர்ப் பெண்களை நகர ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும். குழந்தையை நாற்பது நாள் உள்ளேயே வைத்துக்கொள்ளும். தாயை மூன்றாம் நாள் வெளியே அனுப்பிவிடும். போன வருடம் அப்படிப் பச்சை உடம்போடு வெக்கைக்குத் திரும்பிய இரண்டு பெண்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

செண்பகவல்லியின் மகள் நிறைமதிக்கு வைகாசி முதல் வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்; கார்டிலும் அவள் பெயர் இன்னும் தாய்வீட்டில்தான் இருந்தது. கட்டிக்கொடுத்த இடம் உப்பளக் கரை. அங்கே இதைவிட மோசம். எங்கே அனுப்பினாலும் வெக்கை என்றால் இங்கேயே குளிரை வரவழைத்துவிட வேண்டியதுதான் என்று செண்பகவல்லி ஒற்றைக்காலில் நின்றாள். கிராம சபையைக் கூட்டி, எங்கள் நிலத்தை மாநகராட்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்மானம் போட்டு, விண்ணப்பத்தையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குள் மாசி பிறந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் மாநகராட்சி மதிப்பீட்டாளர் சவரிராயன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கால்வாயிலிருந்து ஊராட்சி அலுவலகம் வருவதற்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஊராட்சித் தலைவர் முத்திருளாண்டி இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மொத்தம் மூணு கேள்விங்க," என்றார் சவரிராயன். "பக்கத்து நிலம் ஒண்ணு எங்களோட சேரணும்னு கேட்டா, எங்க ஆபீசுல முடிவு சொல்ற எந்திரம் மூணு விஷயம்தான் பாக்கும். நகரத்த ஒட்டி இருக்கா? குழாயும் கம்பமும் போட்டா நகரம் தாங்குமா? உண்மையிலேயே அவங்களுக்குத் தேவை இருக்கா? வருஷத்துக்கு முப்பது ஊர் கேக்குது. ரெண்டு ஊருக்குத்தான் கம்பம் இருக்கு."

"ஒட்டித்தான் இருக்கோம். எங்கூரு ஆடு உங்கூருல போயி மேஞ்சுட்டு வருது," என்றார் தலைவர்.

"முதல் ரெண்டுலயும் நல்ல மார்க். மூணாவதுலதான் சுழி."

செண்பகவல்லி பேனாவை வைத்துவிட்டாள். "சுழின்னா சார்?"

"தேவையே இல்லைன்னு வந்துடுச்சும்மா. சுத்து வட்டாரத்துல எல்லா ஊர்லயும் வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேர் வெக்கையில போறாங்க. உங்க ஊர்ல ஒன்பது வருஷமா ஒருத்தர்கூட இல்ல. நூத்தி நாலு வயசுல மூணு பேர் ரேஷன் வாங்குறாங்க. இந்த ஊர் ஜனங்க வெக்கைக்குப் பழகிட்டாங்க, குடை வேண்டாம்னு எழுதிடுச்சு. உங்க தண்ணியில எதுவும் விசேஷம் இருக்கான்னு ஆராய்ச்சி பண்ணச் சொல்லி இன்னொரு குறிப்பும் போட்டிருக்கு."

வேறு நாளாக இருந்தால் தலைவர் சிரித்திருப்பார். அன்றைக்கு மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க ஆளுக கொஞ்சம் திடகாத்திரம்தான்…" என்று இழுத்தார்.

"சும்மா இருங்கண்ணே," என்றாள் செண்பகவல்லி. வேலை போகும், கேஸ் வரும் என்பதெல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தாள். "சார், நான் எழுதல. செத்தவுகள யாரையும் நான் எழுதல. எம்புருஷனையே எழுதல."

கடை, நானூறு பேர், விதி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். சவரிராயன் குடித்துக்கொண்டிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல மனிதர்தான், கோபம்கூட வரவில்லை.

"எத்தனை பேர்?"

"நான் எண்ணுனதில்ல சார்," என்றாள். அது உண்மை. எண்ணப் பயம்.

"எங்க தாத்தாவையும் எங்க வீட்டுல ஆறு வருஷம் எடுக்கல," என்றார் அவர் மெதுவாக. "பாருங்க, மறுமதிப்பீடு ஒரே ஒரு தடவை கேக்கலாம். பத்து நாள் அவகாசம். அதுக்குள்ள எல்லாச் சாவையும் பதிஞ்சிடுங்க. பிந்திப் பதிஞ்சதுக்கு நான் மேல பேசிக்கறேன். உண்மை உள்ள போனா எந்திரம் உண்மையத்தான் சொல்லும். சித்திரைக்கு முன்னாடி கம்பம் வந்துடும்மா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரத்தைக் கடத்தினாள்.

மறுநாள் காலை அலுவலகத்து வாசலில் வரிசை நின்றது. முதலில் முனகினார்கள். "பேர எடுத்தா கடைய மூடிருவானே, அப்பறம் அரிசிக்கு எங்கிட்டுப் போறது?" என்று மாடசாமி சண்டைக்கே வந்தார். "குடைக்குள்ள போயிட்டா டவுன் கடையில வாங்கலாம்யா, பேசாம வந்து கைநாட்டு வையி," என்று தலைவர் அதட்டிய பிறகு வழிக்கு வந்தார். தன் தம்பி பெயரைச் சொன்னார், தங்கச்சி மாப்பிள்ளை பெயரைச் சொன்னார், பிறகு மூன்று வயதுப் பேத்தி பெயரைச் சொல்லும்போது வார்த்தை வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொருவரும் எப்போது, எங்கே, எப்படி என்று சொல்ல வேண்டும். அவள் அதை ஊராட்சியின் பதிவுக் கருவியில் ஏற்ற வேண்டும். களை எடுக்கும்போது. தண்ணீர் எடுத்துவரும் வழியில். கட்டிலில் படுத்திருந்தபடி. கோயில் மரத்தடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, கையில் சீட்டோடு. தனித்தனியாக நடந்தபோது ஒவ்வொன்றும் ஒரு வீட்டுத் துக்கமாக இருந்தது. வரிசையாகக் கேட்கையில் செண்பகவல்லி நடுவில் நிறுத்தி, அதுவரை ஏற்றிய பெயர்களைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேரா, இந்தச் சின்ன ஊரிலா என்று திகைத்துப்போனாள். பெயரை ஏற்றிவிட்டு வெளியே போன பெண்கள், நேற்றுத்தான் எழவு விழுந்தாற்போல வேப்பமரத்தடியில் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு வாரம் ஊரில் ஒப்பாரி ஓயவில்லை.

கடைசியாகத் தவசியின் பெயரை ஏற்றினாள். நிறைமதி பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டா அப்பா இல்லைன்னு ஆயிருமாம்மா?" என்றாள்.

"இல்லாம போயி நாலு வருசமாச்சுடி," என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மொத்தம் அறுபத்தொரு பேர். நானூற்றுப் பன்னிரண்டாக இருந்த ஊர் ஏழு நாளில் முந்நூற்று ஐம்பத்தொன்று ஆனது.

பங்குனி பதினைந்தாம் தேதி காலை தலைவரின் போனுக்கு மாநகராட்சியிலிருந்து செய்தி வந்தது. 'நொச்சியேந்தல் நிலத்தை இணைத்துக்கொள்ள அனுமதி. மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.' அதற்குமேல் அவர் படிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். பெண்கள் குலவை போட்டார்கள். எவனோ வெடி வைத்தான். மாடசாமி வீட்டில் கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். தொண்ணூற்றாறு என்பதைக் கேட்டு, தங்கள் பிள்ளையே பரீட்சையில் எடுத்துவிட்டது போல ஊரே பூரித்துப்போனது.

செண்பகவல்லி போனை வாங்கி மீதியைப் படித்தாள். 'இணைப்பு நாள்: செப்டம்பர் ஒன்று.'

செப்டம்பரா? சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று விரல் விட்டாள். கோடை முழுக்க வெளியே. மகளின் பிரசவமும் அதற்குள் முடிந்துவிடும். அவசரத்தில் மாதத்தைத் தப்பாக அடித்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சவரிராயனைக் கூப்பிட்டாள். "நேர்ல வர்றேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு வந்தவர் அலுவலகக் கதவை உள்ளே சாத்தினார். வெளியே ஒலிபெருக்கி கட்டி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் சவக்களை.

"தேதி தப்புத்தான சார்?" என்றாள் அவள்.

"தேதி சரிதாம்மா." உட்காராமலே பேசினார். "பிந்திப் பதியற சாவுல, குடுக்கற தேதிய நம்பாதே, பதிஞ்ச நாளையே எடுத்துக்கோன்னு எந்திரத்துக்கு நாங்கதான் சொல்லிக்குடுத்திருக்கோம். காப்பீட்டுப் பணத்துக்காக தேதிய மாத்தி மாத்தி எழுதுனாங்கன்னு ஒரு காலத்துல போட்ட விதி. எனக்கு அது ஞாபகமே வரல. சத்தியமா வரல."

"புரியல சார்."

"ஒன்பது வருஷமா ஒருத்தரும் சாகாத ஊர்ல, போன வாரம் அறுபத்தொரு பேர் செத்துட்டாங்கன்னு அது நினைக்குது."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரத்துக்கு அறுபத்தொண்ணு. அத அப்படியே நீட்டிப் பாத்திருக்கு. ஆறேழு வாரத்துல, வைகாசி பாதிக்குள்ள ஊர் காலி. காலியான நிலத்த மூணு மாசம் ஆறப்போட்டு எடுத்துக்கணும்னு சுகாதார விதி. அதான் செப்டம்பர். தேவைக்கு முழு மார்க். ஆளில்லாத நிலம், ஒட்டியே இருக்கு, செலவே இல்ல. இவ்வளவு நல்ல மதிப்பெண் இதுவரைக்கும் எந்த ஊருக்கும் வந்ததில்லம்மா."

"ஆனா யாரும் சாகலையே சார்! அந்தா ஆடிக்கிட்டு இருக்காகளே, காது கேக்கலையா?" குரல் தானாக உயர்ந்தது. "போயிச் சொல்லுங்க. தப்பா நெனச்சிருக்குன்னு சொல்லுங்க."

"மறுமதிப்பீடு ஒரு தடவைதான். அது முடிஞ்சிடுச்சு. மறுத்திருந்தா மேல்முறையீடு பண்ணலாம். சம்மதிச்சதுக்கு எப்படிப் பண்றது? மூணு ஆபீசுல ஏறி இறங்கிட்டேன். உங்க ஊர் கேட்டது கெடச்சிடுச்சே, இன்னும் என்ன வேணும்னு கேக்கறாங்க."

"சரி, செப்டம்பர் வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருந்துட்டா? அப்பறம் எங்கள உள்ள விடுவாகள்ல?"

சவரிராயன் பையிலிருந்து கருவியை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். "இணைப்போட சேத்து இடம் ஒதுக்கணும். வீடு, சீட்டு, தண்ணி. பதினோரு பேருக்கு ஒதுக்கியிருக்கு."

"மிச்சம் முந்நூத்தி நாப்பது பேரு?"

"கணக்குல இருக்க மாட்டாங்கம்மா. செப்டம்பர்ல கேட்டுல வந்து நின்னாலும், செத்தவங்க பேர்ல வேற யாரோ வந்திருக்காங்கன்னுதான் அது சொல்லும்."

ஒன்பது வருடம் செத்தவர்களை உயிரோடு வைத்திருந்த ஊர் அது. இப்போது உயிரோடு இருக்கிறவர்களை உயிரோடு இருப்பதாக யாரால் நிரூபிக்க முடியும்? நான் ஏற்றிய பெயர்கள், என் விரல் என்று நினைத்தபோது அந்த விரலையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அந்தப் பதினோரு பேரு யாரு?"

"அத நான் காட்டக் கூடாது."

"காட்டுங்க சார்."

காட்டினார். பகல் சீட்டு வைத்திருக்கிற பத்துப் பேர், வெக்கை உச்சத்தில் இருக்கிற மணிகளில் குடைக்குள் இருப்பவர்கள். ஆறாவது பெயர் செண்பகவல்லி. விரலால் கீழே தள்ளினாள். பதினோராவது வரிசையில் பெயர் இல்லை. 'பெண் குழந்தை. பிறப்பு: மே, நகர மருத்துவமனை. காப்பாளர்: செண்பகவல்லி.'

ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை அதுவும் படித்திருக்கிறது. குழந்தை நாற்பது நாள் உள்ளே இருக்கும். தாயை மூன்றாம் நாள் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மேலிருந்து கீழாக இன்னொரு தடவை தேடினாள். நிறைமதி என்ற பெயர் எங்கேயும் இல்லை.

"எம்பேர எடுத்துட்டு எம்மக பேரப் போடுங்க சார்," என்றாள். சவரிராயனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்க கால்ல வேணாலும் விழுறேன். நான் ஐம்பத்திரண்டு வருசம் இருந்துட்டேன். போதும் சாமி. ஒரு பேருதான, மாத்திப் போடுங்க."

"பேர நாங்க போடறதில்லம்மா." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "யாருக்கு இடம் குடுக்கலாம்னு அது யோசிக்கல. யார் மிஞ்சுவாங்கன்னு சொல்லுது, அவ்வளவுதான். அதுல நான் எத மாத்தறது?"

கதவு தட்டப்பட்டது. அவர் கருவியை அவசரமாக மறைத்தார். இடுப்பில் ஒரு கையும் கேசரிக் கிண்ணத்தில் ஒரு கையுமாக நிறைமதி உள்ளே வந்தாள். நெற்றியில் வேர்த்து வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு. முதலில் சாருக்கு நீட்டினாள். அவர் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? செப்டம்பர்னு தலைவர் மாமா இப்பத்தான் சொன்னாரு. அதுக்கா இந்த மூஞ்சி? இந்த ஒரு கோடையத்தான, எப்பிடியாச்சும் ஓட்டிருவோம்." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "கணக்குப் போட்டுப் பாத்தேன். செப்டம்பர்னா இதுக்கு நாலு மாசம். குப்புற விழுற நேரம். அங்க போயித்தான் விழும், என்னம்மா? எம்பிள்ளையாவது குடைக்குக் கீழ வளரும்ல?"

செண்பகவல்லி முந்தானையால் மகளின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். சவரிராயன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெளியே இன்னொரு வெடி வெடித்து, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"வளரும்டி," என்றாள் அவள்.